சட்டத்துள் அடங்கிய மதுரை

விருதுநகர் மாவட்டத்து ஆனைக்குட்டம் அணைக்கரையில், முதன்முறையாகக் கேமராவை ஏந்தி நிற்கும் இளைஞர் என்ன செய்வார்? நீர், வானம், மதகு, நண்பர்கள் யாவற்றையும் ஒரே படத்தில் அள்ளிக்கொள்வார். வேண்டாததைப் பின்னர் வெட்டிக்கொள்ளலாம் என்ற துணிவு அவருக்கு உண்டு. அத்துணிவுக்கு இடமே இல்லாத காலத்தில், இதே வட்டாரத்துக்கு வடக்கே மதுரையில் படமெடுத்த ஒருவரை அவர் அறிந்துகொள்வது நலம்.

அவர் பெயர் லின்னேயஸ் டிரைப். 1822இல் இங்கிலாந்தில் பிறந்தவர். சென்னைப் படையில் கேப்டன். 1855இல் பர்மாவுக்குச் சென்ற தூதுக்குழுவுடன் போய்ப் படமெடுத்துத் திரும்பிய அவரைச் சென்னை மாகாண அரசு தன் புகைப்படக்காரராக அமர்த்தியது. மாட்டு வண்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு 1858இன் தொடக்கத்தில் அவர் மதுரைக்கு வந்தார்.

மெழுகிட்ட காகிதமே அவருடைய நெகட்டிவ். அதன் நீளம் ஓரடிக்கும் மேல். அதன்மீது காகிதத்தை ஒட்டவைத்து வெயிலில் காட்டியே படி எடுத்தனர். ஆகவே நெகட்டிவ் எவ்வளவோ படமும் அவ்வளவே. ஒரு மூலையை மட்டும் பெரிதாக்கிக்கொள்ளும் வசதி அவருக்கில்லை. நான்கு விளிம்புகளும் எங்கே முடிய வேண்டும் என்பதைத் திறப்பதற்கு முன்பே தீர்மானித்தாக வேண்டும். அதுவும் கண்ணாடித் திரையில் தலைகீழாகத் தெரியும் உருவத்தைப் பார்த்து! பெயர்களை மறந்து, கோடுகளையும் இருளொளியையும் மட்டும் எடைபோட இதைவிட நல்ல பயிற்சி வேறில்லை என்பேன்.

பிற்காலத்தில் நம் தையற்காரர் பலர் அழகர் திருவிழா உடைகளைத் தைத்துக்கொடுத்த அதே புது மண்டபத்தின் நடைவழியை அவர் எடுத்த படம் ஒன்று உண்டு. மண்டபம் முழுவதையும் காட்ட அவர் ஆசைப்படவில்லை. உள்ளே ஓரிடத்தில் நின்றார். அருகே பெரிதாக நிற்கும் தூண்கள் வரிசை வரிசையாய்ச் சிறுத்துக்கொண்டே போய்க் கண்ணை மறுகோடிக்கு இட்டுச் செல்கின்றன. ஒரு பகுதியைத் தேர்ந்ததால் முழுமை புலனாகிறது. நிக்காஹ் வீட்டில் ஐம்பது பேரையும் ஒரே வரிசையில் நிறுத்துவோர் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

திருமலை நாயக்கர் மகாலையும் அவர் எடுத்தார். நேப்பியர் பிரபு ஆளுநராயிருந்த 1866-72 காலத்தில் அது செப்பனிடப்பட்டது. அதற்கு முந்திய சிதைவை நாம் காண்பது இப்படங்களில்தான். ஆயினும் இவற்றில் ஒரு வெறுமை உண்டு. வெளிச்சம் குன்றிய இடத்தில் பல நிமிடம் திறந்திருந்த கேமராவில் நடமாடியவர்கள் பதியவில்லை. கல் நின்றது, அதனூடே வாழ்ந்த மதுரை மக்கள் மறைந்தனர். இது கருவியின் குறை மட்டுமன்று. ஆட்சியாளர் காண விரும்பியதும் கல்லையே.

தஞ்சைப் பெரிய கோயிலில் அவர் வேறு வழியை நாடினார். அடித்தளக் கல்வெட்டுகள் ஒரு சட்டத்துள் அடங்கா. கேமராவைப் படிப்படியாய் நகர்த்தி எடுத்து, 21 படங்களை இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக்கினார். எழுத்து அறுபடலாகாது என்பதே அங்கே அமைப்பின் விதி.

1859இல் சென்னை ஆளுநராக வந்த சர் சார்லஸ் ட்ரெவெல்யன், இத்தகைய படப்பணி வீண்செலவு என்று கருதி அதை நிறுத்தச் செய்தார். தஞ்சைச் சுருள் உருவாகி அப்போது இரண்டாண்டுகூட ஆகியிருக்கவில்லை.