கரிசல் நாட்டுக் கால்நடை மருந்தில் கஞ்சியும் பிசினும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் குண்டாற்றையும் கண்மாய்களையும் நம்பிய வறண்ட நிலம். 1985இல் விருதுநகர் மாவட்டம் பிரியும்வரை இராமநாதபுரம் மாவட்டத்தோடு இருந்தது. மழை பொய்த்த ஆண்டுகளில் இங்கே குடும்பங்களைத் தாங்கியவை ஆடுமாடுகள். அறுவடை முடிந்த தரிசில் எருவுக்காகக் கிடை போட்டு, அதற்குத் தானியமோ பணமோ பெறுவது கீதாரிகள் எனப்படும் ஆட்டுக்கிடைக்காரர்களின் பழைய தொழில். கிடையில் நெருங்கி அடையும் ஆடுகளுக்கு முள் குத்திய புண், சேற்றில் ஊறிய குளம்பில் புண், கழிச்சல் ஆகியவை ஓயாத தொல்லைகள்.

கைமருந்தில் இரண்டு பகுதிகள் இருந்தன: நோயைத் தீர்க்கும் சரக்கு ஒன்று, அதைப் பிடித்து வைக்கும் பசை மற்றொன்று. கழிச்சல் கண்ட கன்றுக்கு மருந்து வடிகஞ்சியில் கலந்து புகட்டப்பட்டது. எலும்பு முறிந்தால் உளுந்து மாவையும் முட்டை வெள்ளைக்கருவையும் குழைத்துப் பத்துப் போட்டு, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினர். கஞ்சியின் மாவுச்சத்து, வெள்ளைக்கருவின் புரதம், கருவேலம் பிசின், கற்றாழைச் சோறு ஆகியவற்றில் சிறு மூலக்கூறுகள் நீளச் சங்கிலியாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. வேதியியலில் இவை இயற்கைப் பலபடிகள், அதாவது பாலிமர்கள். நீரைப் பிடித்துக் கூழாகி எதிலும் ஒட்டிக்கொள்வது இவற்றின் இயல்பு. அருப்புக்கோட்டை நெசவாளர் பாவுக்குக் கஞ்சி போட்டதும் இந்த இயல்பை நம்பித்தான்.

அரசு கால்நடை மருத்துவம் இருபதாம் நூற்றாண்டில் விரிந்தது. 1903இல் சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரியும், 1932இல் ராணிப்பேட்டையில் தடுப்பு மருந்து நிலையமும் தொடங்கின. தடுப்பூசி மாடுகளின் வெக்கை நோயை ஒழித்தது. 2011இல் அந்நோய் உலகிலேயே இல்லை என்று அறிவிக்கப்பட்டது. நுண்ணுயிர்க்கொல்லி ஊசிகள் பரவியதும் பத்தும் கஞ்சியும் பின்வாங்கின.

கொல்லிகளுக்கு அடங்காத கிருமிகள் பெருகியபோது கைமருந்து மீண்டும் கவனத்துக்கு வந்தது. கடைசிக்கட்ட மருந்தான கொலிஸ்டினை உணவுக்கான கால்நடைகளுக்குக் கொடுப்பதை இந்தியா 2019இல் தடை செய்தது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தி தொகுத்த மரபு மருத்துவக் குறிப்புகளைத் தேசியப் பால்வள வாரியம் நாடெங்கும் பரப்பியது. அவற்றில் பெயர் பெற்றது மடிநோய் மருந்து: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். மூன்றையும் அரைத்த சிவந்த விழுதை நீரில் கரைத்து, கழுவிய மடியில் நாளுக்குப் பலமுறை பூச வேண்டும்.

இந்த விழுதில் பசையான கற்றாழை வெறும் கூட்டுச்சரக்கு அல்ல. மஞ்சளின் குர்குமின் தண்ணீரில் கரையாது. சுண்ணாம்பின் காரத்தில் சிவந்து கரையும். அதே காரத்தில் அது விரைவில் சிதையவும் செய்யும். அன்றன்றைக்குப் புதிதாக அரைக்கச் சொல்வது இதனோடு பொருந்துகிறது. கற்றாழைச் சோற்றின் முக்கியப் பலபடி அசிமன்னான். 1991இல் அமெரிக்க வேளாண் துறை, நாய், பூனைகளின் புற்றுக்கட்டிக்குத் துணை மருந்தாக அதற்கு நிபந்தனை உரிமம் வழங்கியது. காரம் பட்டால் அந்தப் பலபடியின் அசிட்டைல் தொகுதிகள் கழலும். அம்மியில் நடப்பதும் ஒருவகையில் பலபடியை மாற்றியமைக்கும் வேலைதான்.

ஆய்வகம் அந்த மாற்றத்தை அளந்து செய்கிறது. 1859இல் பிரான்சின் சார்ல் ரூஜே கைட்டின் என்ற இயற்கைப் பலபடியைக் காரத்தில் கொதிக்கவைத்தார். கிடைத்த பொருள் பின்னர் கைட்டோசான் எனப் பெயர் பெற்றது. இன்று அது பெரும்பாலும் இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கப்படுகிறது. அதன் நேர்மின்னூட்டம் கிருமியின் எதிர்மின்னூட்டச் சுவரில் ஒட்டி அதைக் குலைக்கிறது. அமில நீரில் மட்டுமே கரையும் என்பது அதன் குறை. மெத்தில் தொகுதிகளைச் சேர்த்தால் சாதாரண நீரிலும் கரையும். புளியங்கொட்டைப் பசையையும் கார்பாக்சிமெத்தில் தொகுதி சேர்த்து, மருந்தை மெல்லக் கசியவிடும் கூழாக மாற்ற முடிகிறது.

கற்றாழையும் புளியங்கொட்டையும் கருவேலம் பிசினும் இந்த வறண்ட சீமையிலேயே விளைபவை. ஆனால் ஒரே அளவில், ஒரே தரத்தில், கெடாமல் இருக்கும் மருந்தாக அவற்றை மாற்றினால்தான் கால்நடை மருந்தகங்கள் நம்பிக் கொடுக்க முடியும்.