வேக வரம்பு: தேவ்நார் சாலையை முன்வைத்து

சாலையில் வண்டிகள் போகக்கூடிய உச்ச வேகத்தை அரசு நிர்ணயிப்பதே வேக வரம்பு. 1865இல் பிரிட்டன் நீராவி வண்டிகளுக்கு ஊருக்குள் மணிக்கு 2 மைல், வெளியே 4 மைல் என விதித்தபோது, நடப்பவரின் வேகமே அளவுகோலாக இருந்தது. மோட்டார் பெருகியதும் அளவுகோல் வண்டிக்கு மாறியது. இந்தியாவில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 112ஆம் பிரிவுப்படி உச்ச வேகத்தை மத்திய அரசு அறிவிக்கிறது. பொதுமக்களின் பாதுகாப்பு, வசதி, சாலை அல்லது பாலத்தின் தன்மை கருதி மாநில அரசு அதைக் குறைக்கலாம். எத்தனை ஆண்டுக்கொருமுறை மறுபரிசீலனை என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. இதைப் பெருங்குறையாகவே கருத வேண்டும். 2018இல் விரைவுச்சாலைகளில் கார்களுக்கு 120 கி.மீ., நகராட்சிச் சாலைகளில் 70 கி.மீ. என வந்த அறிவிப்பை 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த அறிவிப்பு சரியா என்ற கேள்வியே விபத்தில் படுகாயமடைந்த ஒருவரின் இழப்பீட்டு மேல்முறையீட்டின் வழியாகத்தான் எழுந்தது.

வரம்பைச் சாலையின் அகலம் தீர்மானிக்கக் கூடாது, அதைக் கடப்பவர்கள் தீர்மானிக்க வேண்டும். மும்பையில் தேவ்நாரை ஒட்டிப் போகும் காட்கோபர்–மான்குர்டு இணைப்புச் சாலையே இதற்குச் சான்று. அதன் மேல் 2021 ஆகஸ்டில் திறந்த மேம்பாலத்தில் குறுக்கே கடப்பவர் இல்லை. கீழே, 1927 முதல் இயங்கும் குப்பைமேட்டுக்குப் போகும் லாரிகளுக்கு நடுவே சிவாஜி நகர், பைங்கன்வாடி மக்கள் சாலையைக் கடக்கிறார்கள். 70 கி.மீ. வேகத்தில் வரும் ஓட்டுநர், குழந்தை ஒன்று இறங்குவதைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு நொடி எடுத்தால், அதற்குள் வண்டி 19 மீட்டர் பாய்ந்திருக்கும், 30 கி.மீ. என்றால் 8 மீட்டர்தான். மோதும் வேகம் 50இலிருந்து 65 கி.மீ. ஆனால் நடப்பவர் இறக்கும் அபாயம் நாலரை மடங்காகும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நூற்றில் 85 ஓட்டுநர்கள் எந்த வேகத்துக்குள் போகிறார்களோ அதை ஒட்டியே வரம்பை வைக்க வேண்டும், குறைத்தால் யார் மதிப்பார்கள் என்று அமெரிக்கப் பொறியாளர்கள் நெடுங்காலம் வாதிட்டனர். வெறும் பலகை வேகத்தைக் குறைக்காது என்பது உண்மைதான். வேகத்தடை, உயர்த்திய கடப்பிடம், கேமரா எல்லாம் வேண்டும். ஆனால் அந்தக் கணக்கில் வண்டிக்குள் இருப்பவர்தான் வருகிறார், ஓரத்தில் காத்து நிற்பவர் வருவதேயில்லை. நேரம் வீணாகும் என்பாரும் உண்டு. 3 கி.மீ. தூரத்தை 60க்குப் பதில் 30இல் கடந்தால் கூடுவது 3 நிமிடம். ஒரு மாதத்துக்கு மேற்படாத கட்டுப்பாட்டுக்கு அரசிதழ் அறிவிப்புகூடத் தேவையில்லை என்கிறது அதே 112ஆம் பிரிவு. பைங்கன்வாடி சந்திப்பில் 30 கி.மீ. வரம்பை ஒரு மாதம் வைத்துப் பார்க்கச் சட்டத்தில் ஓர் எழுத்தையும் திருத்த வேண்டியதில்லை.