வென்ற ஏழு மாதங்களில் கீழே இறக்கப்பட்ட கழகம்

2019 மார்ச் 9 அன்று கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கில் மினர்வா பஞ்சாப் அணியை 3-1 என்ற கணக்கில் வீழ்த்தி, ஐ-லீக் கோப்பையை சென்னை சிட்டி கழகம் வென்றது. இரண்டாமிடம் பெற்ற ஈஸ்ட் பெங்கால் ஒரே ஒரு புள்ளிதான் பின்தங்கியிருந்தது. தேசிய லீக் பட்டத்தைத் தமிழ்நாட்டுக் கழகம் ஒன்று வென்றது அதுவே முதல் முறை. ஸ்பெயினிலிருந்து வந்த பெட்ரோ மான்சி அந்தப் பருவத்தில் 21 கோல்கள் அடித்திருந்தார். சுவிட்சர்லாந்தின் பாசெல் கழகம் சென்னை சிட்டியில் 26 விழுக்காடு பங்குகளை வாங்கியிருந்தது.

ஏழு மாதங்கள் சென்றன. அந்த அக்டோபரில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் செயற்குழு வியட்நாமில் கூடி, இந்தியக் கால்பந்துக்கான செயல்திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2014-இல் தொடங்கப்பட்ட ஐஎஸ்எல் நாட்டின் முதல்நிலை லீக் ஆனது. ஐ-லீக் அதற்கு அடுத்த படிக்குச் சென்றது. நடப்பு வாகையர் உட்பட ஐ-லீக் கழகங்கள் அனைத்தும் ஒரே நாளில் ஒரு படி இறங்கின. ஆடுகளத்தில் தோற்றதால் நேர்ந்த இறக்கம் அன்று அது; கூட்ட அறையில் முடிவானது.

தகுதியிறக்கம் என்பது விளையாட்டு விதி மட்டுமன்று, வருவாய்ப் பகிர்வு விதியும் ஆகும் என்பதை விளக்க இதைவிடப் பொருத்தமான இந்திய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

எங்கள் திருவண்ணாமலையில் நள்ளிரவு தாண்டியும் கைப்பேசியில் இங்கிலாந்து ஆட்டங்களைப் பார்க்கும் கல்லூரி மாணவர்கள் உண்டு. லெஸ்டர் சிட்டியின் கதை அவர்களுக்கு மனப்பாடம்: 2016-இல் வாகையர், 2023-இல் இறக்கம், 2024-இல் மீட்சி, 2025-இல் மறுபடியும் இறக்கம். ஆனால், இறங்கும் கழகத்துக்கு அங்கே கிடைக்கும் தொகை பலருக்கும் தெரிவதில்லை. பிரீமியர் லீக்கின் ஒளிபரப்பு வருவாயில் கழகங்களுக்குச் சமமாகப் பிரிக்கப்படும் பங்கில், இறங்கிய கழகத்துக்கு முதலாண்டு 55 விழுக்காடும், இரண்டாமாண்டு 45 விழுக்காடும், மூன்றாமாண்டு 20 விழுக்காடும் தருகிறார்கள். ஒரே பருவம் மேலே இருந்துவிட்டு இறங்கினால் மூன்றாமாண்டுத் தொகை இல்லை. இதற்குப் ‘பாராசூட் தொகை’ என்று பெயர்.

முதலாண்டுத் தொகை நம் பணத்தில் ஏறத்தாழ 500 கோடி ரூபாய். ஒப்பிட்டுப் பார்ப்போம். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2010-இல் தன் வணிக உரிமைகளை 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய்க்கு அளித்தது. சராசரியாக ஆண்டுக்கு 47 கோடி. தோற்று இறங்கிய ஓர் ஆங்கிலேயக் கழகத்தின் ஓராண்டு ஆறுதல் தொகை, நம் கூட்டமைப்பு பத்தாண்டுகளில் அந்த ஒப்பந்தத்தின் வழியே பெற்றதைவிடக் கூடுதல்.

இந்தத் தொகையின் நோக்கம் நியாயமானதே. இறங்கிய கழகத்தின் வருவாய் உடனே சரிந்துவிடும். வீரர்களுடன் செய்துகொண்ட ஊதிய ஒப்பந்தமோ மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு நீடிக்கும். எனவே, நல்ல வீரர்களை அவசரமாக விற்க நேரிடுகிறது. அறுவடை முடிந்த கையோடு கடனுக்காக மணிலாவை மண்டிக்குக் கொண்டுபோகும் எங்கள் மாவட்டத்து விவசாயியின் நிலைதான். விற்பவரின் நெருக்கடி வாங்குபவருக்குத் தெரிந்துவிட்டால், பேரம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

சிக்கல், தொகையின் அளவில் இருக்கிறது. அதே இரண்டாம் நிலையில் ஆடும் மற்றக் கழகங்களுக்குப் பிரீமியர் லீக்கிலிருந்து கிடைப்பது இதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. பழைய ஊதியத்தைத் தீர்ப்பதற்கான பணம் புதிய வீரர்களை வாங்கவும் பயன்படுகிறது. பர்ன்லி 2022-இல் இறங்கி, 2023-இல் ஏறி, 2024-இல் இறங்கி, 2025-இல் மீண்டும் ஏறியது. மற்றவர்கள் அதற்கு ஈடுகொடுக்கக் கடன் வாங்குகிறார்கள். சில பருவங்களில் அந்த லீக் கழகங்களின் மொத்த ஊதியச் செலவு மொத்த வருவாயையே விஞ்சியது. நட்டமடைந்தாலும் யாராவது காப்பாற்றுவார்கள் என்று நம்பும் நிறுவனங்களின் போக்கை ஹங்கேரியப் பொருளாதார அறிஞர் யானோஷ் கோர்னாய் சோஷலிச நாடுகளின் அரசு ஆலைகளில் கண்டு எழுதினார். அதையே தனியுடைமையின் கோட்டையான ஆங்கிலக் கால்பந்திலும் காண்பது எனக்கு வேடிக்கையாகத் தோன்றுவதுண்டு. பணம் வெற்றிக்கு உறுதியும் தருவதில்லை: லூட்டன் டவுன் 2024-இல் இறங்கியது, பாராசூட் தொகை கையிலிருந்தும் 2025-இல் இன்னொரு படி இறங்கியது.

இந்தியாவில் இதற்கு நேர்மாறு. இங்கே மெத்தையே கிடையாது. ஐந்து முறை தேசிய வாகையரான கோவாவின் டெம்போ 2015-இல் தகுதியிறங்கியது. அடுத்த ஆண்டே இரண்டாம் பிரிவை வென்றும், சால்கோகர், ஸ்போர்ட்டிங் ஆகிய கழகங்களுடன் சேர்ந்து ஐ-லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. அந்த வெற்றிடத்தில்தான், தகுதியிறங்கியிருந்த மிசோரமின் ஐசால் திரும்ப அழைக்கப்பட்டு, 2017-இல் வாகையரும் ஆனது. வென்ற கையோடு பயிற்றுநர் காலித் ஜமீலும் நடுக்கள வீரர் அல் அம்னாவும் ஈஸ்ட் பெங்காலுக்குச் சென்றனர். ஜெயேஷ் ராணே, லால்ருவத்தாரா போன்றோரை ஐஎஸ்எல் கழகங்கள் எடுத்துக்கொண்டன. இறங்கியவர் மட்டுமல்லாமல் வென்றவரும் அணியை இழக்கும் சந்தை இது.

மேலேறும் வழியும் தாமதமாகவே திறந்தது. 2021, 2022 என இருமுறை தொடர்ந்து ஐ-லீக்கை வென்ற கோகுலம் கேரளா மேலே செல்லவில்லை. செயல்திட்டப்படி 2022-23 பருவத்து வாகையருக்குத்தான் அந்த வாய்ப்பு, அதைப் பஞ்சாப் பெற்றது. 2024-25 பருவத்தில் ஐஎஸ்எல்லின் கடைசி இடம் பிடித்த முகமதன் ஸ்போர்ட்டிங் இறக்கப்படவில்லை. மேலே நுழைந்தவர் விழுவதில்லை, கீழே இருப்பவரைத் தாங்குவாரும் இல்லை.

மான்சி 2020-இல் ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டா கழகத்துக்குச் சென்றார். 2021-22 ஐ-லீக்கில் ஆடிய 13 அணிகளில் சென்னை சிட்டி இல்லை.

இங்கிலாந்தை அப்படியே பின்பற்றச் சொல்ல மாட்டேன். அதற்கான பணமும் நம்மிடம் இல்லை. உரிம ஒப்பந்தம் முடியும் தறுவாயில், 2025 ஜூலையில் ஐஎஸ்எல்லே நிறுத்திவைக்கப்பட்டதைப் பார்த்தோம். ஜெர்மனியில் முதலிரு பிரிவுகளும் ஒளிபரப்பு வருவாயை ஒரே தொகுப்பாகப் பகிர்கின்றன. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இரண்டாம் பிரிவுக்கு. நமக்கு ஏற்றது அந்த வழி. கிடைக்கும் வருவாய் சிறிதாயினும், அதில் ஐ-லீக்குக்கு ஒரு நிலையான பங்கு வேண்டும். இறங்கும் கழகத்துக்குத் தனியே உதவி தருவதாயின், அது ஏற்கெனவே கையெழுத்தான வீரர், ஊழியர் ஊதியத்துக்கு மட்டும், ஓராண்டுக்கு மட்டும் என்றிருக்க வேண்டும். புதிய வீரரை வாங்க அதிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்கக் கூடாது. தரம் இறங்கினால் ஊதியம் எவ்வளவு குறையும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். அடுத்த உரிம ஒப்பந்தம் நீண்ட காலத்துக்குக் கையெழுத்தாவதற்கு முன் இவை அதில் இடம்பெற வேண்டும்.