மஹ்மூதிய்யா கால்வாய்: நீரும் நீதியும்

எகிப்தில் நைல் நதியின் ரஷீத் கிளை கடலில் கலக்கும் இடத்தில் மணல்திட்டுகள் மிகுதி. அவ்வழியே படகு செலுத்துவது ஆபத்தாயிருந்தது. அருகிலிருந்த இஸ்கந்தரிய்யா துறைமுகத்திலோ நன்னீர் அரிது. இவ்விரு குறைகளையும் நீக்க விரும்பிய ஆளுநர் முஹம்மது அலீ பாஷா, ரஷீத் கிளையின் கரையிலுள்ள அத்ஃப் என்னும் ஊரிலிருந்து இஸ்கந்தரிய்யா வரை ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நீளத்திற்குக் கால்வாய் வெட்ட ஆணையிட்டார். 1817-இல் தொடங்கிய பணி 1820-இல் நிறைவுற்றது. உஸ்மானிய சுல்தான் இரண்டாம் மஹ்மூதின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது.

ஆயினும் அவசரத்தில் ஒரு பெருங்குறை எஞ்சியது. நைலின் நீர்மட்டம் பருவந்தோறும் ஏறி இறங்கும். கால்வாயின் மட்டம் அதனோடு ஒத்துச் செல்லாது. இத்தகைய இடத்தில் 'லாக்' எனப்படும் இரு கதவு மதகு வேண்டும். ஒரு கதவின் வழியே படகு உள்ளே வந்ததும் அதனை மூடி, இடையிலுள்ள தொட்டியின் நீரை மறுபுற மட்டத்திற்கு உயர்த்தியோ தாழ்த்தியோ, பின்னரே அடுத்த கதவைத் திறப்பர். அத்ஃபில் தொடக்கத்தில் அது அமைக்கப்படவில்லை. கரையே குறுக்கே நின்றது. சரக்குகளை இறக்கி, சுமந்து, மறுபுறப் படகில் ஏற்ற நேர்ந்தது. 1840-களில்தான் மதகு வந்தது.

மதகின் குறையைப் பின்னர் நீக்க முடிந்தது; மாண்ட உயிர்களை மீட்க முடியவில்லை. இலட்சக்கணக்கான உழவர்கள் கட்டாயமாகக் கொண்டுவரப்பட்டனர். போதிய கருவியோ உணவோ தண்ணீரோ இன்றி ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அஸ்ஹரின் ஆலிமும் வரலாற்றாசிரியருமான அப்துர் ரஹ்மான் அல்ஜபர்த்தி, ஆட்சியாளரின் அதிருப்திக்கு அஞ்சாது, அம்மக்கள் பட்ட துன்பத்தைத் தம் நூலில் பதிவு செய்தார். 1825-இல் அவர் மறைந்து பல பத்தாண்டுகள் சென்ற பின்னரே அந்நூல் எகிப்தில் முழுமையாக அச்சேறியது.

கால்வாயால் வணிகம் பெருகியது, இஸ்கந்தரிய்யா மாநகராயிற்று. இப்பயனை மறுப்பது நியாயமன்று. ஆனால் மக்களுக்கு நன்மை தரும் பணி என்பதனால் அதில் இழைக்கப்பட்ட அநீதி ஆகுமானதாகிவிடாது. உழைப்பாளியின் கூலியைத் தாமதமின்றி வழங்கப் பணித்த மார்க்கம் நம்முடையது. பள்ளிவாசலோ மத்ரஸாவோ கட்டும்போது மினாராவின் உயரத்தைக் கேட்கும் நாம், அதைக் கட்டுவோரின் கூலியையும் பாதுகாப்பையும் கேட்கிறோமா?

எந்த நற்பணியிலும் நீதி தவறாதிருக்க அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.