பழங்குடி

பழமையும் குடியும் சேர்ந்த சொல் இது. திருக்குறளின் ‘குடிமை’ அதிகாரத்தில், 955ஆம் குறளில் வருகிறது. செல்வம் சுருங்கினாலும் பண்பு குன்றாத தொன்மையான குடும்பம் என்பதே அங்கே பொருள். காட்டுக்கும் மலைக்கும் அதில் இடமில்லை. அரசமைப்பின் 342ஆம் பிரிவு குறிக்கும் சமூகங்களுக்கு இப்பெயர் நிலைத்த பிறகு, பெருமைச் சொல் நிர்வாகச் சொல்லாயிற்று. ஆனைமலையில் காடர், முதுவர், மலசர், மலைமலசர், எரவாளர் எல்லோரும் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்குகிறார்கள். காடர் ஆண் தன் மணப்பெண்ணுக்கு மூங்கிலில் சீப்புச் செதுக்கித் தருவது மரபு. முதுவர் தம் வரலாற்றை மதுரையிலிருந்து தொடங்குகிறார்கள். யானையோடு பழகி வாழ்பவர்கள் மலசர். சிறுகதையில் இத்தனை பேரும் வெறும் ‘பழங்குடிக் கிழவர்’, ‘பழங்குடிப் பெண்’ என்று வந்தால், வசைச்சொல் ஒன்றுகூட இல்லாமலே அது பாகுபாடுதான்.

பொதுப்பெயர் இல்லாமல் உரிமை கேட்க முடியுமா என்பார்கள். நியாயமான கேள்வி. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பொதுப்பெயரில்தான் பேசுகிறது. 2019இல் நேர்ந்த நிலச்சரிவுக்குப் பின் ஆனைமலையின் கல்லார்குடிக் காடர்கள் நிலத்துக்குப் போராட அச்சட்டம் துணைநின்றது. ஆனால் மனுவுக்கு வேண்டிய சொல் கதைக்குப் போதாது. சந்தால் எழுத்தாளர் ஹன்ஸ்தா சௌவேந்திர சேகர் 2015இல் வெளியிட்ட சிறுகதைத் தொகுப்பின் தலைப்புக் கதையில், குடியரசுத் தலைவர் முன் ஆட மறுப்பவர் யாரோ ஓர் ஆதிவாசி அல்ல. மங்கல் முர்மு என்னும் சந்தால் இசைக்கலைஞர். அவருக்குக் குலப்பெயர் உண்டு, தொழில் உண்டு, பறிபோகும் நிலமும் உண்டு. காடர் பாத்திரத்தைத் தமிழில் எழுதுகிறவரும் இவ்வளவையாவது தரவேண்டும்.