வலிப்பு நோய்க்கு முதல் மருந்து: பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை முன்வைத்துப் பக்கவிளைவுகள் பற்றிய ஓர் ஆய்வு

வலிப்பு நோய் இருந்தும் உரிய மருந்தை உட்கொள்ளாதோரின் விகிதம் ‘சிகிச்சை இடைவெளி’ எனப்படும். இவ்விடைவெளிக்கு மருந்துத் தட்டுப்பாடும் அறியாமையுமே காரணங்களாகப் பெரிதும் சுட்டப்படுகின்றன. ஆயினும், 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் வழியே அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து சென்றுசேரும் மாநிலத்தில், மாத்திரை கைக்கு வந்த பின்னும் அதை இடையில் நிறுத்துவோரை அவ்விளக்கம் கணக்கில் கொள்வதில்லை. எந்தப் பக்கவிளைவைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், எதற்கு உடனே ஓடிவர வேண்டும் என்று சொல்லப்படாமலேயே மருந்து தொடங்கப்படுவதும் அவ்விடைவெளியின் ஒரு கூறு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர் சுமார் 50,000 பேரிடையே ஆய்ந்து 2006இல் வெளியிட்ட முடிவுகள், ஆயிரம் பேரில் ஏறத்தாழ நால்வருக்கு வலிப்பு நோய் இருப்பதையும், அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினருக்கு மூளையில் தங்கிய நாடாப்புழு இளம்பருவக் கட்டிகளே காரணம் என்பதையும் காட்டின. ஆயிரத்துக்கு நால்வர் என்னும் விகிதம் பொருந்துமெனக் கொண்டால், 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 13 லட்சம் பேர் வாழ்ந்த பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் ஐயாயிரம் பேரளவில் இந்நோயுடன் வாழ்வர்.

24 மணி நேரத்துக்கு மேற்பட்ட இடைவெளியில், உடனடித் தூண்டுதலின்றி இருமுறை வலிப்பு வந்தால் அது நோயெனக் கொள்ளப்படும். ஒருமுறையே வந்திருந்தாலும், மீண்டும் வரும் வாய்ப்பு மிகுந்திருப்பின் அவ்வாறே கொள்ளலாம் என்பது 2014இல் பன்னாட்டு வலிப்பு நோய் எதிர்ப்புக் கழகம் வகுத்த வரையறை. புதிதாக நோய் கண்டறியப்பட்டோரில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு முதல் மருந்திலேயே வலிப்பு நின்றுவிடுவதாக 2000இல் ஸ்காட்லாந்தில் ஆய்வாளர்கள் குவானும் பிராடியும் கண்டனர் என்பதால், முதல் தேர்வின் எடை பெரிது.

பக்கவிளைவுகள், நோயாளி செய்ய வேண்டியதைக் கொண்டு இரண்டாகப் பிரிக்கத்தக்கவை. தூக்கக் கலக்கம், தலைசுற்றல், லெவெடிராசெட்டம் என்னும் வலிப்பு மருந்தால் வரும் மன எரிச்சல் முதலியன பெரும்பாலும் அளவைச் சார்ந்தவை. அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ சீராக்கத்தக்கவை. ஃபெனிட்டாயின் என்னும் மற்றொரு வலிப்பு மருந்தை உடைத்து வெளியேற்றும் கல்லீரலின் திறனுக்கு எல்லை உண்டு என்பதால், நாளொன்றுக்கு 300 மில்லிகிராமிலிருந்து 400க்கு உயர்த்தும் ஒரே மாத்திரை இரத்தத்தில் மருந்தளவைப் பன்மடங்காக்கி நடையைத் தள்ளாட வைக்கலாம். இவற்றுக்கு அஞ்சி மருந்தைத் திடீரென நிறுத்தினால், ஐந்து நிமிடத்தைக் கடந்தும் ஓயாத தொடர்வலிப்பு நேரலாம். மாறாக, ஃபெனிட்டாயினோ கார்பமசெபின் என்னும் வலிப்பு மருந்தோ தொடங்கிய முதல் இரு மாதங்களுக்குள் காய்ச்சலுடன் தோன்றும் தோல் தடிப்பும் வாய்ப்புண்ணும் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையின் முன்னறிகுறியாகலாம். அங்கே தாமதமே கேடு. கருவுறும் வயதுப் பெண்களுக்கு வால்புரோயேட் என்னும் வலிப்பு மருந்து தரப்படின், கருவில் பத்தில் ஒன்றளவில் பிறவிக் குறைபாடு நேரும் வாய்ப்பு முன்னரே விளக்கப்பட வேண்டும்.

இவற்றைச் சொன்னால் நோயாளி அஞ்சி மருந்தையே மறுப்பார் என்னும் எதிர்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும், மக்காச்சோளக் காட்டிலோ சிமெண்ட் ஆலையிலோ அன்றாடக் கூலிக்கு உழைப்பவர், காரணம் தெரியாத தூக்கத்தால் வேலையை இழக்கும்போது மருந்தையே பகையாகக் கருதுவது இயல்பு. முன்பே அறிந்த தூக்கமோ, அளவைக் குறைக்கக் கேட்கும் உரிமையாக மாறுகிறது.

அரியலூரில் 2022இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி சிறப்பு மருத்துவத்தை அருகில் கொணர்ந்திருப்பினும், முதல் வாரங்களின் கண்காணிப்பு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே உரியது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் வீடுதேடி மாத்திரை தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 முதல் நடப்பதால், அதே ஏற்பாட்டில் வலிப்பு மருந்தையும் சேர்த்து, இரண்டாம் வாரமே தடிப்பையும் தள்ளாட்டத்தையும் விசாரிக்கச் செய்வது புதிய கட்டமைப்பின்றியே இயலும்.