பேச்சுப் போட்டி எதை வளர்த்தது?



“பேச்சுப் போட்டி மாணவனைக் கிளிப்பிள்ளை ஆக்கும். தமிழய்யா எழுதிக் கொடுப்பாரு, பையன் ஒப்பிப்பான், எவர்சில்வர் டப்பா வாங்கிட்டு வீட்டுக்குப் போவான்” என்றார் எதிரணித் தலைவர். (சிரிப்பு) சிரிக்கிறீங்க. பாதி உண்மைதான். மீதிப் பாதியை வரலாற்றிலே பார்ப்போம்.

பட்டிமண்டபம் என்ற சொல் சிலப்பதிகாரத்திலும் மணிமேகலையிலும் இருக்கிறது. வஞ்சி மாநகருக்குப் போன மணிமேகலை எடுத்த எடுப்பில் பேசினாளா? இல்லைங்க. அளவைவாதி, சைவவாதி, ஆசீவகவாதி, சாங்கியவாதி என்று ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டாள். அந்தக் காதைக்குப் பெயரே ‘சமயக் கணக்கர் தந்திறங் கேட்ட காதை’. கண்ணால் காண்பதே உண்மை என்ற பூதவாதியிடம் வந்தபோதுதான், உன் தாய் தந்தையை எப்படி அறிந்தாய் என்ற பொருள்பட மடக்கினாள். அத்தனை பேரையும் கேட்ட பிறகு ஒரு கேள்வி!

சென்ற நூற்றாண்டுக்கு வருவோம். திருவாரூர்ப் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் ‘நட்பு’ என்ற தலைப்பில் பேசினார். 1938-இல், 14 வயதில், இந்தி எதிர்ப்புக்கு மாணவர்களைத் திரட்டினார். ‘மாணவ நேசன்’ என்று கையெழுத்து ஏடு நடத்தினார். பள்ளி இறுதித் தேர்வில் மட்டும் தேறவில்லை! (சிரிப்பு) அவர்தான் கலைஞர் கருணாநிதி.

1943-இல் சென்னை சட்டக் கல்லூரியில் அண்ணாவும் ரா.பி. சேதுப்பிள்ளையும் கம்பராமாயணம் பற்றி மோதினார்கள். பிறகு சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடு வாதம். கம்பனை எதிர்ப்பதற்காகவே அண்ணா கம்பனைக் கரைத்துக் குடிக்க வேண்டியிருந்தது, பாருங்க.

“நம்ம கடலூர் ஜெயகாந்தன் எந்தப் போட்டியில் கோப்பை வாங்கினார்?” என்று எதிரணி கேட்கும். நியாயமான கேள்வி. ஐந்தாம் வகுப்போடு நின்றவர் அவர். ஆனால் சென்னையில் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில், தோழர்கள் விவாதிப்பதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர். அதுவும் பட்டிமன்றம்தானே?

இப்போ நெய்வேலி. 1956-இல் தொடங்கிய நிறுவனம். 1962 முதல் மின்சாரம். நிலம் கொடுத்த வீட்டுப் பிள்ளையும் பொறியாளர் வீட்டுப் பிள்ளையும் ஒரே மேடை ஏறுகிற ஊர் இது. 2023-இல் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிருக்குள் எந்திரம் இறங்கியதே, அதற்கப்புறம் இங்கே ஒரு பள்ளிக்கு நான் நடுவராக வந்தேன். தலைப்பு: ‘சுரங்க விரிவாக்கம் தேவையா?’ ஒரு வாரம் முன்னதாகவே சீட்டுக் குலுக்கி அணி பிரித்துவிட்டார்கள்.

நிலம் இழந்த குடும்பத்துப் பொண்ணுக்கு ‘தேவை’ என்று வந்தது. பொறியாளர் மகனுக்கு ‘தேவையில்லை’!

அந்தப் பொண்ணு எழுந்து, “கரி வேணும்னு பேச வந்திருக்கேன். நிலம் போன வீட்டுல பிறந்ததால எந்த நிபந்தனையோட வேணும்னும் எனக்குத் தெரியும். வேலை உத்தரவை முதல்ல கொடுங்க, மண்ணை அப்புறம் வெட்டுங்க” என்றாள். (கைதட்டல்) பையன் சளைக்கவில்லை. நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவும் பகலும் இறைத்தால்தான் சுரங்கம் நடக்கும். “அப்போ சுத்துப்பட்டு ஊர்க் கிணறு என்னாகும்னு எங்க அப்பாகிட்டயே கேட்டேன். சாப்பிட்டுப் போய்ப் படின்னுட்டாரு” என்றான். (பலத்த சிரிப்பு)

இதை எந்தத் தமிழய்யா எழுதிக் கொடுத்தார், எதிரணித் தலைவரே?

யாருக்கு முதல் பரிசு என்று நடுவர்கள் மூணு பேரும் அரை மணி நேரம் சண்டை போட்டோம். அது தனிப் பட்டிமன்றம்! மணி அடிச்சுட்டாங்க.